வேலிக்கு ஒரு கடவு: காசில்டனில் ஐந்து நாள்

முதல் நாள், மே 26

ஷெஃபீல்டை விட்டுப் புறப்பட்ட ரயில் சிறிது நேரத்திலேயே டாட்லி சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டது. ஐந்தரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். தங்கை மகள் பேசிக்கொண்டே இருந்தாள். சக்கரச் சத்தத்தில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. வெளிச்சத்துக்கு வந்தபோது இருபுறமும் ஓக் மரங்கள். அவை விலகியதும் ஆறு, அதற்கப்பால் கற்சுவர்கள். மலைச்சரிவு முழுக்கச் சுவர்கள்தான். மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் ஓடி, பச்சைப் புல்வெளியைத் துண்டு துண்டாக அறுத்துவைத்திருந்தன.

ஹோப் நிலையத்தில் இறங்கி பஸ் பிடித்துக் காசில்டனுக்கு வந்தோம். டார்பிஷயர் மாவட்டத்தின் வடக்கே, மலைகள் மூன்று பக்கமும் நெருக்கும் சிறிய ஊர். ஒரு தேவாலயம், ஆறேழு மதுவிடுதிகள், ஊர் நடுவே ஓடும் குளிர்ந்த ஓடை, தலைக்கு மேலே பாழடைந்த கோட்டை. இன்று வங்கி விடுமுறை என்பதால் தெருவில் நடக்க இடமில்லை. காலை உணவோடு அறை தரும் ஒரு வீட்டில் பையை வைத்துவிட்டு நேராகக் கோட்டைக்கு ஏறினோம்.

பெவரில் கோட்டை 1086ஆம் ஆண்டு நிலக் கணக்கேட்டிலேயே இடம்பெற்றது. இன்றும் நிற்கும் சதுரக் கோபுரத்தை இரண்டாம் ஹென்றி மன்னர் 1176இல் கட்டினார். அறைகளில் கூரை இல்லை. மேலே பார்த்தால் வானமும் காகங்களும். அதன் பலகணியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது, எதற்காக இந்த உச்சியில் கட்டினார்கள் என்று விளங்குகிறது. சுற்றியிருந்த நிலமெல்லாம் அன்று மன்னரின் வேட்டைக் காடு. மானைக் கொன்றால் குற்றம், மரத்தை வெட்டினால் குற்றம். அந்தக் காட்டைக் கட்டியாள இங்கிருந்துதான் அதிகாரம் செய்தார்கள்.

மாலையில் கூட்டம் கலைந்த பிறகு, ஊருக்கு வெளியே ஆற்றோரமாக நடந்தோம். ஒரு கற்சுவரில் ஆள் மட்டும் ஒருக்களித்து நுழையும்படி இரண்டு கற்களை நட்டிருந்தார்கள். நான் தயங்கி நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய மேய்ச்சல் நிலமோ. குட்டிகளோடு ஆடுகள் நின்றிருந்தன.

"வாருங்கள் பெரியம்மா, இது பொது வழி" என்றாள். கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி. கையிலிருந்த வரைபடத்தைப் பிரித்துக் காட்டினாள். வயல்களின் ஊடே பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொன்றும் சட்டப்படி எவரும் நடக்கலாம் என்ற பாதை. நிலம் தனியாருடையது, அதன் குறுக்கே நடக்கும் உரிமை எல்லாருடையது.

காங்கயம் பக்கத்தில், கொரங்காடு என்று சொல்லும் வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்தவள் நான். கிளுவை வேலி எத்தனை அடர்த்தியாக இருந்தாலும், ஆள் போய்வர ஓரிடத்தில் கடவு விட்டிருப்பார்கள். அந்தச் சொல்லைப் பல வருடமாக நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இங்கே இரண்டு கற்களுக்கு நடுவே புகுந்தபோது சொன்னேன். அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இரவு ஒன்பதரை ஆகிறது. ஜன்னலில் இன்னும் வெளிச்சம்.

இரண்டாம் நாள், மே 27

மாம் டோர் என்றால் தாய் மலை. பொருத்தமான பெயர்தான், தன் மண்ணைத் தானே சரித்துச் சரித்துச் சுற்றிலும் சிறு குன்றுகளைப் பெற்றுப் போட்டிருக்கிறது. நடுங்கும் மலை என்றும் சொல்கிறார்கள். உயரம் 517 மீட்டர். கிழக்கு முகம் முழுவதும் பிய்த்தெடுத்ததுபோல் மொட்டையாக நிற்கிறது. மணற்கல்லும் களிப்பாறையும் மாறிமாறி அடுக்கப்பட்ட மலை அது. மழைநீர் உள்ளே இறங்கினால் களிப்பாறை இளகிவிடும். மேலே உள்ள பாரம் வழுக்கிக்கொண்டு கீழே வரும். இந்தச் சரிவு தொடங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் ஓயவில்லை.

ஏறுவதற்கு நாங்கள் வின்னட்ஸ் கணவாய் வழியைத் தேர்ந்தோம். பெயரின் பொருள் காற்றின் வாயில்கள். இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் பாறைகள் செங்குத்தாக எழும்ப, நடுவே சாலை ஊசிபோல் ஏறுகிறது. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இந்த நிலம் பூமத்திய ரேகைக்கு அருகே வெதுவெதுப்பான கடலடியில் கிடந்த காலத்தில் உருவான பாறை. கையை வைத்தால் சங்குகளின் தடம் தட்டுப்படும் இடங்கள் உண்டு. தடவித் தடவி ஒன்றைக் கண்டுபிடித்தேன், என் சுண்டுவிரல் நகம் அளவு. அதை விட்டு நகர மனம் வராமல் நின்றேன்.

உச்சியில் காற்று பேச விடவில்லை. கால்பட்டுக் கால்பட்டு மண் அரித்துப் போகாமலிருக்கப் பட்டைக் கல் பாவியிருக்கிறார்கள். தெற்கே வெளுத்த சுண்ணாம்பு நாடு, வடக்கே கறுத்த மணற்கல் நாடு, இரண்டும் தொட்டுக்கொள்ளும் வரம்பில் காசில்டன். முகட்டிலேயே நடந்து ஹாலின்ஸ் கிராஸ் என்ற தாழ்வான இடத்துக்கு வந்தோம். மறுபக்கம் ஈடேல் பள்ளத்தாக்கு. ஈடேல்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் தங்களுக்கென ஒரு சிற்றாலயம் கட்டிக்கொள்ளும் வரை, இறந்தவர்களை இந்த முகட்டின் மேல் தூக்கிக்கொண்டு காசில்டன் இடுகாட்டுக்கு வந்தார்களாம். நாங்கள் வெறும் கையோடு ஏறியே மூச்சு வாங்கினோம். பனிக்காலத்தில், தோளில் பெட்டியோடு, இதே செங்குத்தில் எத்தனை பேர் மாற்றுத் தோள் கொடுத்திருப்பார்கள்!

இறங்கும்போது பழைய சாலையைப் பார்த்தோம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வின்னட்ஸ் செங்குத்தில் வண்டிகள் ஏறத் திணறியதால், 1819இல் மாம் டோரின் சரிவு மண்ணின் மேலேயே வளைந்து வளைந்து ஒரு சாலை போட்டார்கள். மலை அதைச் சும்மா விடவில்லை. வெடிக்கும், தார் பூசுவார்கள், தாழும், நிரப்புவார்கள். நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் போராடிவிட்டு 1979இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். இன்று அது பிளந்த அப்பம்போல் கிடக்கிறது. ஓரிடத்தில் சாலை ஆளுயரத்துக்குப் படியாக இறங்கியிருக்கிறது. அந்த வெட்டுமுகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய தார் அடுக்குகளை எண்ணலாம்; ஒவ்வொரு அடுக்கும் ஒருமுறை நம்பிக்கையோடு செய்த பழுதுபார்ப்பு. நடுவில் அடித்த வெள்ளைக் கோடு பிளவின் விளிம்பு வரை வந்து நின்று, ஒரு முழம் கீழே மறுபடி தொடர்கிறது. பிளவுக்குள் புல்லும் மஞ்சள் பூவும். கார் வராத அந்தச் சாலையில் சிறுவர்கள் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மதியம் மழை. கோட்டைக்கு நேர் கீழே உள்ள பீக் குகைக்குள் ஒதுங்கினோம். குகையின் வாய் ஒரு பெரிய கோயில் மண்டபத்தைவிட அகலம். இங்கே சில நூறு ஆண்டுகள் கயிறு திரிப்பவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்திருக்கிறார்கள். மழை படாத, ஈரம் காயாத இடம். சணலைத் திரிக்க அதுதான் தோது. அவர்களுடைய அடுப்புப் புகையின் கரி இன்னும் கூரையில் அப்பியிருக்கிறது. வழிகாட்டிப் பெண் எங்களில் மூவரை அழைத்து ஒரு கயிறு திரித்துக் காட்டினார். இரண்டு முழக் கயிறு எனக்குக் கிடைத்தது. பையில் பத்திரமாக இருக்கிறது.

மூன்றாம் நாள், மே 28

இந்தப் பயணத்தில் நான் எதற்காக வந்தேன் என்று யாராவது கேட்டால், இன்றைய நாளைத்தான் சொல்வேன்.

ஹோப்பிலிருந்து ஒரே நிறுத்தம், ஈடேல். பென்னைன் வழி என்ற நெடும்பாதை இங்கே தொடங்கி ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டிப் போய் முடிகிறது. சுமார் 430 கிலோமீட்டர், 1965 ஏப்ரல் 24இல் திறந்தார்கள். முதல் சில கிலோமீட்டர் வயல்கள். வேலிமரங்களில் வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாக. ஒவ்வொரு வேலிக்கும் ஒரு கதவு, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு தாழ். "மூடிவிட்டு வாருங்கள் பெரியம்மா, குட்டிகள் ஓடிவிடும்" என்று முதல் இரண்டு கதவுகளில் அவள் சொன்னாள். மூன்றாவதில் அவள் மறந்தாள். நான் திரும்பிப் போய் மூடினேன்.

ஒரு சிறு கல்பாலம் கடந்ததும் ஜேக்கப் ஏணி. ஏணி என்றால் கல்லடுக்கிய படிகள், மலை முகத்தில் நேராக. ஏற ஏற வயல் மறைகிறது, மரம் மறைகிறது, மேலே போனால் வேறொரு உலகம். கிண்டர் ஸ்கவுட்டின் மேல்தளம் உச்சி என்று சொல்லத்தக்க கூர்மையில்லாத பரந்த கருநிலம். மிக உயர்ந்த இடமே 636 மீட்டர்தான். கறுப்பாக, பஞ்சுபோல் நீரை உறிஞ்சிக் கிடக்கும் பீட் மண். செத்த பாசியும் புல்லும் மட்காமல் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்தது. அதன்மேல் காற்று செதுக்கிய பாறைகள் யானை போலவும் நாற்காலி போலவும். எங்கோ ஒரு உள்ளான் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தது.

இந்த மலைக்கு ஒருபுறம் மான்செஸ்டர், மறுபுறம் ஷெஃபீல்ட். இரண்டும் நூற்பாலையும் எஃகும் புகையுமாக இருந்த நகரங்கள். வாரம் முழுக்க ஆலையில் வேலை செய்தவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அன்று கால் நீட்டி நடக்கக் கண்ணெதிரே மலை இருந்தும், அதில் ஏற முடியாது. மேல்தளம் செல்வந்தர்களின் கவுதாரி வேட்டைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வேட்டை வருடத்தில் சில நாள். காவல் வருடம் முழுவதும்.

1932 ஏப்ரல் 24, ஞாயிறு. மேற்குப் பக்கத்து ஹேஃபீல்டில் சுமார் 400 பேர் கூடினார்கள். பழைய கல்குழி ஒன்றின் மேல் ஏறி நின்று பேசிய பென்னி ராத்மனுக்கு வயது இருபது. பேசி முடித்து, பாடிக்கொண்டே மலையேறினார்கள். காவலாட்கள் தடியோடு மறித்தார்கள். கைகலப்பில் ஒரு காவலாளுக்குக் காயம். கூட்டம் மேலே போய்ச்சேர்ந்து, ஈடேல் பக்கமிருந்து ஏறிவந்தவர்களைச் சந்தித்து மகிழ்ந்து இறங்கியது. ஊர் திரும்பியதும் போலீஸ் காத்திருந்தது. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம்.

தண்டனை செய்தித்தாளில் வந்ததும், அதுவரை ஒதுங்கியிருந்தவர்களுக்கும் கோபம் வந்தது. அடுத்த சில வாரங்களில் நடைக்காரர்களின் கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற வழிகளுக்குமான சட்டம். 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது இந்தப் பீக் மாவட்டம்தான். மேட்டு நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற உரிமை வர 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2002இல், அந்த நாளின் எழுபதாம் நினைவுக் கூட்டத்தில், நிலத்துக்கு அன்று உரிமையாளராக இருந்த டெவன்ஷயர் பிரபுவின் பேரன் எழுந்து, தன் தாத்தா செய்தது பெரும் தவறு என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். எழுபது வருடம் கழித்தாவது ஒருவர் அதைச் சொன்னார் என்பதில் எனக்கு மரியாதை உண்டு.

கிண்டர் லோ என்ற மேட்டில் நின்றபோது மேற்கே மான்செஸ்டரின் உயரமான கட்டடங்கள் மங்கலாகத் தெரிந்தன. அந்த ஞாயிறு அங்கிருந்து வந்தவர்கள் பலர் நெசவு ஆலைப் பிள்ளைகள், ராத்மன் ஒரு மெக்கானிக். எங்களைக் கடந்துபோன ஒரு குழுவில் பள்ளிச் சிறுமிகள், தலையில் முக்காடு போட்ட இரண்டு பேர், நடைக்குச்சியோடு ஒரு கிழவர். ஒருவரையும் எவரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கை மகள் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

உரிமை கிடைத்த நிலத்துக்குச் சீக்கு வந்துவிட்டது என்பதையும் அங்கேயே பார்த்தோம். சுற்றியிருந்த ஆலைகளின் புகை இரண்டு நூற்றாண்டுகளாக இறங்கி, நீரைப் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் பாசியைக் கொன்றுவிட்டது. பாசி போனதும் பீட் காய்ந்து, மழையில் கரைந்து, ஓடைகளாக அரித்தது. இப்போது அந்த ஓடைகளில் கல்லும் மரமும் வைத்துச் சின்னச் சின்ன அணைகள் கட்டி, பாசியைக் கைகளால் நட்டு வளர்க்கிறார்கள். ஒரு குட்டையின் ஓரத்தில் குனிந்து கொஞ்சம் பாசியை, பிடுங்காமல், இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தேன். இளம்பச்சையில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தலைகள். அழுத்திய இடத்தில் தண்ணீர் ஊறி விரல் மூழ்கியது. விட்டதும் மெதுவாக எழும்பித் தன் பழைய உருவத்துக்கு வந்தது. அப்பால் பஞ்சுப்புல் வெள்ளை வெள்ளையாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கால் வலிக்கிறது. நாளைக்கு மலை இல்லை.

நான்காம் நாள், மே 29

காலையில் வாடகைக் காரில் ஈம் என்ற ஊருக்குப் போனோம். நேற்று நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றவர்களின் மலை. இன்று தங்கள் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை என்று தாங்களே முடிவெடுத்தவர்களின் ஊர்.

1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து ஒரு தையல்காரர் வீட்டுக்குத் துணிமூட்டை வந்தது. ஈரமாக இருந்ததால் அடுப்பருகே உலர்த்தினார்கள். அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகள் கொள்ளைநோயைக் கொண்டுவந்திருந்தன. மூட்டையைப் பிரித்த உதவியாள் சில நாளில் இறந்தார். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. 1666 ஜூனில் ஊர்ப் பாதிரியார் வில்லியம் மாம்பெசனும், அவருக்கு முன் அப்பதவியில் இருந்து விலக்கப்பட்ட தாமஸ் ஸ்டான்லியும், கருத்து வேறுபாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு ஊரைக் கூட்டினார்கள். யாரும் வெளியேறக் கூடாது, நோய் பக்கத்து ஊர்களுக்குப் போகக் கூடாது. ஊர் ஒப்புக்கொண்டது. நோய் அடங்கும்போது 260 பேர் இறந்திருந்தார்கள். மாம்பெசனின் மனைவி கேத்தரினும் அவர்களில் ஒருவர். தேவாலய வளாகத்தில் அவர் கல்லறைக்கு அருகே 8ஆம் நூற்றாண்டுக் கற்சிலுவை ஒன்று நிற்கிறது.

வீடுகளின் முன்னால் பச்சைப் பலகைகளில் அங்கே இறந்தவர்களின் பெயர்கள். அதே வீடுகளில் இன்று ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். நான் படித்துக்கொண்டு நின்றபோது ஒரு வீட்டுக் கதவு திறந்து ஒரு பெண் குப்பைத் தொட்டியை வெளியே வைத்துவிட்டு, காலை வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஊரைவிட்டு வயல் வழியாக இறங்கினால் எல்லைக் கல். ஆட்டுக்குட்டி உயரமுள்ள ஒரு பாறை, மேலே ஆறு குழிகள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் மாவும் மருந்தும் கொண்டுவந்து வைப்பார்கள். ஈம் மக்கள் குழியில் வினிகர் ஊற்றி அதற்குள் காசைப் போட்டுவைப்பார்கள். குழிக்குள் என் ஆள்காட்டி விரல் முதல் கணு வரை இறங்கியது. விளிம்பு வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. மழைநீர் உள்ளே நின்றிருந்தது. யாரோ ஒரு பென்னிக் காசைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

ரைலி கல்லறைகளுக்கும் போனோம். 1666 ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற தாய் எட்டு நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே இந்த வயலில் புதைத்தார். வட்டமாக ஒரு கற்சுவர், உள்ளே கற்கள். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மாலை ஆறு மணிக்கெல்லாம் காசில்டன் தெருவில் மறுபடியும் கூட்டம். இந்தத் தேதியைக் கணக்குப் பண்ணித்தான் பயணத்தையே வைத்தோம். மே 29 இங்கே பூமாலைத் திருநாள். 1660இல் இரண்டாம் சார்ல்ஸ் அரியணைக்குத் திரும்பியதைக் கொண்டாடுவதாகச் சொல்கிறார்கள். வேனிலை வரவேற்கும் இன்னும் பழைய வழக்கம் ஒன்று அதற்குள் இருக்கும் என்று கருதுவோரும் உண்டு. மணிபோன்ற ஒரு கூடு முழுவதும் காட்டுப்பூவும் இலையும் கட்டியிருந்தார்கள். குதிரைமேல் அமர்ந்த ஒருவரின் தலைவழியே அதை இறக்கினார்கள். இடுப்புவரை மனிதர் மறைந்து, குதிரைமேல் ஒரு பூப்புதர் உட்கார்ந்திருந்தது. அவர்தான் பூமாலை ராஜா. பின்னால் குதிரையில் ராணி, அவர்களுக்குப் பின்னால் பித்தளை வாத்தியம், வெள்ளை உடையில் சிறுமிகள். ஒவ்வொரு மதுவிடுதி முன்னும் ஊர்வலம் நின்றது, சிறுமிகள் ஆடினார்கள். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப. எட்டு மணிக்கு எனக்கும் அது மனப்பாடம்.

புனித எட்மண்ட் தேவாலயத்துக்கு வந்ததும் பாட்டு நின்றது. மாலையின் உச்சியிலிருந்த சிறு பூச்செண்டை முதலில் தனியே எடுத்தார்கள். அது போரில் மாண்ட ஊர்ப்பிள்ளைகளின் நினைவுக்கல்லுக்கு. பிறகு கோபுரத்தின் மேலிருந்து கயிறு இறங்கியது. குகைக்குள் திரித்த இரண்டு முழக் கயிறு என் பையில் கிடந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மாலை கல்சுவரில் உரசி, இதழ் உதிர்த்து, மெல்ல மெல்ல ஏறியது. ஊரே அண்ணாந்து நின்றது. உச்சியிலிருந்த கல்முனையில் அதை மாட்டியதும் எழுந்த கைதட்டலில் பக்கத்தில் நின்ற முதியவர் தொப்பியைக் கழற்றினார். வாடி உதிரும் வரை அங்கேயே இருக்குமாம்.

ஐந்தாம் நாள், மே 30

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஹோப் வரை வயல்வழியே நடந்தோம். ஆற்றோரமாகப் போகும் சமதளப் பாதை. தெற்கே சிமென்ட் ஆலையின் புகைபோக்கி. 1929இல் தொடங்கிய ஆலை, பூங்காவுக்கு மூத்தது. அதற்குச் சரக்கு கொண்டுபோகும் தண்டவாளத்தையும் பாதை குறுக்கே கடக்கிறது. நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, கடந்தோம்.

அடுத்த வயலில் ஒரு விவசாயி சரிந்த சுவரைக் கட்டிக்கொண்டிருந்தார். சாந்து கிடையாது. இரண்டு முகமாகக் கல் அடுக்கி, நடுவே பொடிக்கல் நிரப்பி, இடையிடையே இரண்டு முகத்தையும் பிணைக்கும் நீளக் கல். ஒரு கல்லைக் கையில் எடுத்தால் கீழே வைப்பதில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்கான இடத்தைக் கண்டுபிடித்துப் பொருத்தினார். உங்கள் நிலத்தில் ஆட்கள் நடப்பது தொந்தரவாக இல்லையா என்று அவரிடம் கேட்டேன்.

"என் அப்பா காலத்திலும் நடந்தார்கள். கதவை மூடிவிட்டால் போதும் அம்மா" என்றார். நாயைக் கட்டிப் பிடிக்காதவர்கள்மேல்தான் அவருக்கு வருத்தம். வசந்தத்தில் குட்டிகள் மிரண்டு சாகின்றன என்று குரல் தாழ்த்திச் சொன்னார்.

அவருடைய வயலின் கடைசிக் கதவு இரும்பு. தாழ் கொஞ்சம் வளைந்திருந்ததால் சட்டென்று விழவில்லை. தூக்கி இழுத்து, அது சொடக்கென்று விழுந்ததும், இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தேன். தங்கை மகள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பாதையில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள்.